பட்டறை பதில்கள்: தூக்குறது வேற, தாங்குறது வேற

போன இதழ்ல "டிராக்டர்ல ரோட்டவேட்டர் (சுத்துற பிளேடால மண்ணைக் கிளறுற மெஷின்), கலப்பை, கேஜ் வீல் (சேத்து வயலுக்கு மாட்டுற இரும்புச் சக்கரம்) இதெல்லாம் மாட்டிக் கழட்ட நீங்களே ஏதாவது செஞ்சு வெச்சிருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம். அவ்வளவுதான், கட்டு கட்டா லெட்டர். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற தேதி நெருங்குது, டெல்டாக்காரங்க எல்லாம் ஷெட்டுல கலப்பையை இழுத்துப் போட்டு உக்காந்திருக்காங்க போல. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, பொதுவா இருக்கிறதா பாத்து எடுத்திருக்கேன். ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன், யாரோட பேரும் போடல.

கேள்வி: என்கிட்ட 45 ஹெச்பி டிராக்டர் வண்டி, 5 அடி ரோட்டவேட்டர். மாட்டக் கழட்டக் கூட ஒரு ஆள் வேணும், ஆனா ஆளே கிடைக்கிறதில்ல. அதனால பழைய ஆங்கிள்ல ஒரு ஃபிரேம் அடிச்சு கீழ நாலு வீல் வெச்சு, ரோட்டவேட்டரை அது மேலயே நிப்பாட்டி வெச்சிருக்கேன். வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்திட்டு ரோட்டவேட்டரைத் தள்ளிக்கிட்டு வந்து மாட்டிக்கிறேன். வீட்டுல "இது ஒரு நாள் உருண்டு வந்து உங்க மேலதான் ஏறப்போகுது"ங்கிறாங்க. யார் சொல்றது சரி? (வாசகர், தாராபுரம்)

ரெண்டு பேரும் சரி. உங்க ஐடியா நல்ல ஐடியா, ஏன்னா இந்த வேலைல ஆபத்தே அந்தக் கூட நிக்கிற ஆளுக்குத்தான். வழக்கமா என்ன நடக்கும், ஒருத்தர் சீட்ல உக்காந்து ரிவர்ஸ் எடுப்பார், இன்னொருத்தர் டயருக்கும் கலப்பைக்கும் நடுவுல நின்னுக்கிட்டு "வா வா வா, இன்னும் ஒரு இஞ்ச்"னு கை காட்டுவார், அந்த ஒரு இஞ்ச்ல கிளட்ச்ல இருந்து செருப்பு வழுக்கினா போச்சு, நடுவுல நிக்கிறவர் எங்க போவார். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, பிரேக் பூட்டிட்டு, மெஷினை நகத்தி வண்டிகிட்ட கொண்டு வர்றது எவ்வளவோ மேல்.

ஆனா வீட்டுல சொல்றதையும் கேளுங்க. 5 அடி ரோட்டவேட்டர் 400 கிலோவுக்குப் பக்கம் வரும், சில மாடல் 450 கூட. நாலு வீல்ல நிக்கிற 400 கிலோ, தரை கொஞ்சம் சாய்வா இருந்தாலே தானா கிளம்பும், கிளம்பிட்டா கையால நிறுத்த முடியாது, நிறுத்தப் பாக்கவும் கூடாது, விட்டுட்டு ஒதுங்கிடணும். அதனால சிமெண்ட் தரை, அதுவும் மட்டம் பாத்த தரைல மட்டும்தான் இந்த வேலை. மண் தரைல ஒரு வீல் கல்லுல மாட்டினாலே ஃபிரேம் சாயும்.

வீல் வாங்கும்போது 450-ஐ நாலால வகுத்து, ஒரு வீலுக்கு 115 கிலோ தாங்கினா போதும்னு கணக்குப் போடாதீங்க. எந்தத் தரையும் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்காது, ஏதோ ஒரு நேரத்துல மூணு வீல்தான் தரையைத் தொடும், சில சமயம் ரெண்டுதான். ஒவ்வொண்ணும் 225 கிலோவுக்கு மேல தாங்குறதா பாருங்க. ரெண்டு வீல் நேரா மட்டும் ஓடுறது, ரெண்டு வீல் பிரேக்கோட திரும்புறதுன்னு போட்டா சொன்ன பேச்சு கேக்கும், நாலும் திரும்புற வீல்னா மாட்டுச் சந்தைல கயிறு அறுந்த கண்ணுக்குட்டி மாதிரி எந்தப் பக்கம் போகும்னே தெரியாது. ஃபிரேமோட விளிம்புல ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு ஒரு பட்டை வெச்சு வெல்டிங் அடிச்சிடுங்க, ரோட்டவேட்டரோட ஸ்கிட் (ரெண்டு ஓரத்துலயும் தரையில உக்கார்ற இரும்புப் பட்டை) வழுக்கி வெளிய வராம நிக்கும். எப்பவும் தள்ளுங்க, உங்களைப் பாத்து இழுக்காதீங்க, இழுத்தா அது வந்து நிக்கிற இடம் உங்க கணுக்கால்தான்.

மாட்டுற வரிசை: முதல்ல வண்டிக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற தூக்குற கை ரெண்டுல இடது பக்கத்துக் கை, அப்புறம் வலது கை, ஏன்னா வலது பக்கம்தான் ஏத்தி இறக்குற ஹேண்டில் இருக்கு, ஓட்டை சேரலைன்னா அதைச் சுத்தி சரி பண்ணிக்கலாம். அதுக்கப்புறம் டாப் லிங்க், அதாவது நடுவுல மேல மாட்டுற கம்பி, கடைசியா பிடிஓ ஷாஃப்ட், அதாவது வண்டியோட சுத்தலை மெஷினுக்குக் கொண்டு போற தண்டு. கழட்டும்போது அப்படியே தலைகீழ். பலபேர் கீழ நின்னுக்கிட்டே சீட் பக்கம் கையை விட்டு ஐட்ராலிக் லிவரை ஒரு தட்டு தட்டுவாங்க, "லேசா தூக்கிக்கலாம்"னு. அந்த லேசாதான் கையை நசுக்குறது. லிவரைத் தொடணும்னா ஏறி சீட்ல உக்காந்து தொடுங்க, அப்ப பின்னாடி ஈ காக்கா இருக்கக் கூடாது.

கேள்வி: ரோட்டவேட்டர் பிளேடு மாத்தும்போது ஐட்ராலிக்ல ஃபுல்லா தூக்கிட்டு, சேஃப்டிக்கு ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கல் வெச்சிட்டு அடில படுத்து மாத்துறோம். பத்து வருஷமா இப்படித்தான், ஒண்ணும் ஆனதில்ல. ஆனா பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு கை போச்சுன்னு கேள்விப்பட்டதுல இருந்து மனசுல ஒரு பயம். கல்லு வெச்சா போதுமா? (வாசகர், மன்னார்குடி)

போதாது. இதுக்குக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், லெட்டர் போட்டவங்கள்ல முக்காவாசிப் பேர் இதே தப்பைத்தான் வேற வேற மாதிரி பண்றீங்க.

தூக்குறது ஒரு வேலை, தாங்குறது வேற வேலை. ஐட்ராலிக், ஜாக்கி, செயின் பிளாக், கடப்பாரை இதெல்லாம் தூக்குற சாமான். ஐட்ராலிக்ல உங்க ரோட்டவேட்டரை மேல பிடிச்சு வெச்சிருக்கிறது எதுன்னு பாத்தீங்கன்னா சிலிண்டருக்குள்ள அடைஞ்சு கிடக்கிற ஆயில், அது வெளிய போகாம தடுக்குற ஒரு வால்வு, பிஸ்டன்ல ஒரு ரப்பர் சீல். அவ்வளவுதான். ராத்திரி தூக்கி வெச்சிட்டுப் போன கலப்பை காலைல தரைல கிடக்கிறதைப் பாத்திருப்பீங்க, சீல் தேஞ்சிருந்தா மெதுவா இறங்கிடும். அது கூடப் பரவால்ல, மெதுவாதான். சீட் பக்கம் விளையாடுற பையன் லிவரைத் தொட்டான்னு வைங்க, இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் இறங்கும், ஏன்னா இறங்குறதுக்கு இன்ஜின் வேண்டியதில்ல, மெஷினோட கனமே போதும். சாவி எடுத்துட்டேன், இனிமே பயமில்லைன்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

அடுத்து அந்தக் கல். ஹாலோ பிளாக் சுவத்துக்குச் செஞ்சது, கனம் முழுக்கப் பரவலா உக்காந்தா தாங்கும். இரும்பு விளிம்பு ஒரே இடத்துல போய் உக்காந்தா அது மரம் மாதிரி முனகிக்கிட்டே வளையாது, ஒரு சத்தமும் குடுக்காம டப்புன்னு பொடியாயிடும். மரக்கட்டை அப்படி இல்ல, நசுங்கும், விரிசல் விடும், சத்தம் போடும், ஒரு நிமிஷம் டைம் குடுக்கும். அதுக்காகவே பழைய பட்டறைக்காரங்க மரத்தை விட மாட்டாங்க. வைரம் பாஞ்ச பனங்கட்டையோ நல்ல கருவேலங்கட்டையோ இருந்தா ரெண்டு இப்படி, ரெண்டு குறுக்கனு மாத்தி மாத்தி அடுக்குங்க. கட்டையோட நீளத்தை விட அடுக்கு உயரமா போக வேண்டாம்.

இரும்புலயே செய்யணும்னா 3 இஞ்ச் சேனல் போதும், பழைய இரும்புக் கடையில கிடைக்கும். ஏ வடிவத்துல கால், கீழ 10 இஞ்சுக்கு 10 இஞ்ச் தகடு, மேல யூ மாதிரி ஒரு பிடி, அதுல ரோட்டவேட்டரோட மெயின் ஃபிரேம் வந்து உக்காரணும், உருளக்கூடாது. ஓட்டை போட்டு பின் சொருகி உயரம் மாத்துற மாதிரி செய்யாதீங்க. நீங்க நல்ல பின் போட்டுத்தான் வெச்சிருப்பீங்க, ஒரு நாள் அது தொலைஞ்சு போகும், அன்னைக்கு யாரோ 8 எம்எம் கம்பியைச் சொருகுவாங்க. உங்க வேலைக்கு என்ன உயரம் வேணுமோ அந்த உயரத்துக்கு ஒரே அளவா ரெண்டு ஸ்டாண்ட். வெல்டிங் புள்ளி புள்ளியா வெக்காம முழு ஓட்டமா ஓட்டச் சொல்லுங்க. செஞ்சதும் அன்னைக்கே அடில போயிடாதீங்க, ரோட்டவேட்டரை அது மேல இறக்கி, மேல நாலு யூரியா மூட்டையை ஏத்துங்க, மூட்டை 45 கிலோன்னா கூட 180 கிலோ ஆச்சு. ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல வெல்டிங் ஓரத்துல பெயிண்ட் வெடிச்சிருக்கா, கால் விரிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

முக்கியமான ஒண்ணு இன்னும் சொல்லல. நீங்க கல்லை "சேஃப்டிக்கு" வெக்கிறதா எழுதியிருக்கீங்க, அதாவது ரோட்டவேட்டர் ஐட்ராலிக்லயே தொங்குது, கல்லு ரெண்டு இஞ்ச் கீழ சும்மா நிக்குது. அந்த ரெண்டு இஞ்ச் விழுந்து மோதுற அடி, சும்மா உக்காந்திருக்கிற கனத்தை விடப் பல மடங்கு. ஸ்டாண்ட் வெச்சா அது மேலயே இறக்கணும். லிவரை முழுசா கீழ தள்ளி, கைங்க தொளதொளன்னு ஆகுற வரைக்கும் இறக்குங்க, அப்பதான் மொத்தக் கனமும் ஸ்டாண்ட்ல இருக்கு, ஐட்ராலிக்குக்கு வேலையே இல்ல. அதுக்கப்புறம் சாவி உங்க சட்டைப் பாக்கெட்ல. பிடிஓ ஷாஃப்டைக் கழட்டி ஓரமா வைங்க. பக்கத்துல நின்னு காலால ஒரு உதை உதைச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா திரும்பத் தூக்கி சரி பண்ணுங்க.

இன்னொண்ணு, படுக்கவே வேண்டியதில்ல. பின்னாடி இருக்கிற பலகையை மேல தூக்கி அதோட செயின்ல மாட்டிட்டா உக்காந்தே பாதி பிளேடு மாத்தலாம். 5 அடி மெஷின்ல பெரும்பாலும் 36 பிளேடு, பிளேடுக்கு ரெண்டு போல்ட்டுன்னா 72 போல்ட்டு, ரெண்டு மணி நேர வேலை, அவசரப்பட்டா கடைசிப் பத்து போல்ட்லதான் கை கிழியும். ரோட்டரைச் சுத்த விடாம நடுவுல ஒரு மரக்கட்டையை ஆப்பு மாதிரி சொருகிக்கோங்க. ஒருத்தர் ரோட்டரைச் சுத்துறது, இன்னொருத்தர் போல்ட்டு பிடிக்கிறதுன்னு வேலையைப் பிரிச்சுக்காதீங்க. ஏன்னு கேக்குறவங்க பட்டறைக்கு வாங்க, பாதி விரலோட ரெண்டு பேரைக் காட்டுறேன்.

கேள்வி: போல்ட்டு கழலலைன்னா ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி நெம்புறோம், டைட் வெக்கவும் அதே பைப்தான். போல்ட்டு அடிக்கடி முறியுது. போல்ட்டு கம்பெனி சரியில்லையா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

கம்பெனியைத் திட்டாதீங்க. ஒரு அடி நீள ஸ்பேனர்ல 30 கிலோ அழுத்தம் குடுத்தா ஏறக்குறைய 90 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். எம்12 போல்ட்டு, தலைல 8.8-னு அச்சு போட்டது, அதுக்கு வேண்டியதே அவ்வளவுதான். நீங்க பைப் போட்டு அதை மூணு அடியா ஆக்கி அதே 30 கிலோவைக் குடுத்தா 270. போல்ட்டு அன்னைக்கே முறிஞ்சா புண்ணியம், முறியாம உள்ளுக்குள்ள இழுபட்டுப் போய் நாலு நாள் கழிச்சு வயல்ல முறியும், அப்பதான் பிளேடு பறக்கும்.

பைப் கழட்டுறதுக்கு மட்டும். அதுவும் முதல்ல டீசலோ மண்ணெண்ணெயோ ஊத்தி ஒரு ராத்திரி ஊற வெச்சிட்டு, காலைல முதல்ல லேசா டைட் பக்கம் ஒரு இழுப்பு, துரு உடையும், அப்புறம் லூஸ் பக்கம். ரிங் ஸ்பேனர்தான், வாய் திறந்த ஸ்பேனர்ல பைப் போட்டா வாய் விரிஞ்சு வழுக்கும். உங்களைப் பாத்து இழுங்க, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன வெச்சு. தள்ளினா வழுக்குற நேரத்துல முட்டி நேரா பிளேடுல போய் குத்தும். மூஞ்சியை ஸ்பேனர் சுத்துற வட்டத்துக்கு வெளிய வைங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தோள்ல துண்டோட, பிடிஓ ஓடும்போதே பக்கத்துல நின்னு ஏதாவது தட்டிக்கிட்டு இருப்பார். ஷாஃப்டுக்கு மேல இருந்த பிளாஸ்டிக் கவர் உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்னா "நாலு இஞ்ச் பிவிசி பைப்பை வெட்டிப் போட்டுக்கலாம்"கிறார், அதையும் போடல. நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொல்லுங்க. (வாசகி, உசிலம்பட்டி)

அண்ணே, இதை அண்ணி படிச்சுக் காட்டுவாங்கன்னு நினைச்சு எழுதுறேன், ஒரு கணக்கு மட்டும் கேளுங்க.

பிடிஓ 540 ஆர்பிஎம். நிமிஷத்துக்கு 540 சுத்துன்னா செகண்டுக்கு 9 சுத்து. கிராஸ் ஜாயிண்ட், அதாவது ஷாஃப்ட் மடங்குற மூட்டு இருக்கிற இடத்துல குறுக்களவு சுமார் 10 சென்டிமீட்டர், ஒரு சுத்துக்கு 31 சென்டிமீட்டர் துணியை உள்ள இழுக்கும், 9 சுத்துக்கு 2.8 மீட்டர். நாலு முழ வேட்டி ரெண்டு மீட்டர் கூட வராது. முனை மாட்டினதுல இருந்து முழு வேட்டியும் உள்ள போக முக்கால் செகண்ட் ஆகாது. "ஐயோ"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள. வேட்டி மட்டும் போய் நீங்க கோவணத்தோட நின்னா ஊரே சிரிக்கும், பரவால்ல, ஆனா பெல்ட்டு போட்டுக் கட்டினவங்களுக்கு வேட்டி தனியாப் போகாது. துண்டு கழுத்துல இருந்தா அதை நான் எழுத விரும்பல. அண்ணி, நீங்களும் சேலையோட அந்தப் பக்கம் போகாதீங்க, கதிரடிக்கிற மெஷின்ல சேலை மாட்டி செத்தவங்க, முடி மாட்டினவங்க நம்ம ஜில்லாக்கள்ல இருக்காங்க. கதிரடிக்கிற மெஷின் மாதிரியான சாமானுக்காகவே 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு மத்திய அரசு ஒண்ணு கொண்டு வந்துச்சு.

பிவிசி பைப் விஷயம். இந்த ஒரு இடத்துல மட்டும் வீட்டுல செய்யுற வேலை வேண்டாம்கிறது என் கட்சி. அந்தக் கவரோட சூட்சுமமே, உள்ள ஷாஃப்ட் சுத்தும்போது அது சுத்தாம நிக்கிறதுதான், ரெண்டு முனைலயும் பேரிங் மாதிரி ஒரு வளையம், சுத்தாம இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன சங்கிலி. பிவிசியை சும்மா போட்டா அதுவும் ஷாஃப்டோட சேந்து சுத்தும், நூல் சுத்துற கட்டை கொஞ்சம் பெருசானதுதான் மிச்சம். கிராஸ் பக்கம் இடைவெளியும் விட்டுருப்பீங்க, துணி மாட்டுறதே அங்கதான். புது கவர் வாங்கிடுங்க, ரோட்டவேட்டர் பிளேடு ஒரு செட் வாங்குற காசு கூட ஆகாது. புது கவரோ புது ஷாஃப்டோ எதைப் போட்டாலும், ஷாஃப்டோட உள் பைப்பும் வெளிப் பைப்பும் மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, தூக்கும்போது பிரிஞ்சு வந்துட்டா பாதி ஷாஃப்ட் சாட்டை மாதிரி அடிக்கும்.

கேள்வி: லோயர் லிங்க் பின் (கீழ்க் கைல மெஷினை மாட்டுற பின்) தொலைஞ்சு போச்சு. 16 எம்எம் முறுக்குக் கம்பியை வெட்டிப் போட்டிருக்கேன். லாக் பின்னுக்குப் பதிலா கட்டுக் கம்பி. ஓடுமா? (வாசகர், விருத்தாசலம்)

ஓடும், எங்க போய் நிக்கும்னுதான் தெரியாது. சின்ன வண்டிகளுக்கு லோயர் லிங்க் பின் 22 எம்எம், பெரிய வண்டிகளுக்கு 28 எம்எம், டாப் லிங்க்குக்கு அதே மாதிரி 19, 25. இந்த அளவு உலகம் முழுக்க ஒண்ணுதான், அதனாலதான் எந்தக் கம்பெனி கலப்பையும் எந்த வண்டிலயும் மாட்டுது. 22 இருக்கிற இடத்துல 16-ஐப் போட்டா இரும்பு பாதிதான் இருக்கு, 28 இருக்கிற இடத்துலன்னா மூணுல ஒரு பங்கு. அது போக சுத்தி இடைவெளி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுத்தியல் அடி மாதிரி அடிக்கும், ஓட்டை நீள்வட்டமா ஆயிடும், அப்புறம் நல்ல பின் போட்டாலும் ஆடும். கட்டுக் கம்பி ரோட்டுல ஒரு ஸ்பீட் பிரேக்கர்லயே அறுந்துடும், ஒரு பக்கக் கை கழண்ட ரோட்டவேட்டர் பின்னாடி பைக்ல வர்றவர் மேலதான் சாயும். ஒரு டப்பால ரெண்டு செட் பின்னும் லாக் பின்னும் வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டுருங்க.

இதோட சேத்து இன்னொண்ணு, ஷியர் போல்ட்டு இருக்கிற மெஷின்ல அது அடிக்கடி ஒடியுதுன்னு கடைல "நல்ல ஹை டென்ஷன் போல்ட்டா குடுங்க"ன்னு வாங்கிப் போடுறீங்க. அது ஒடியுறதுக்குன்னே வெச்சது. அது ஒடியலைன்னா கியர் பாக்ஸ் ஒடியும்.

கேள்வி: கேஜ் வீல் மாட்ட, சட்டிக் கலப்பையை நகத்த ஜிஐ பைப்ல மூணு கால் அடிச்சு, ஒரு டன் செயின் பிளாக் தொங்க விட்டிருக்கேன். அது இல்லாதப்ப வீட்டுக்குப் பின்னாடி மரத்துல மாட்டிக்கிறோம். என்னென்ன கவனிக்கணும்? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

என்ன மரம்னு எழுதல. முருங்கைன்னா உங்களுக்குக் கும்பிடு. முருங்கை பருத்தா தூணாகுமான்னு பெரியவங்க சும்மாவா கேட்டாங்க, வாளி தண்ணி தொங்க விட்டாலே மளுக்குன்னு ஒடியுற மரம். வேம்பு, புளின்னாலும் மரத்துல தூக்காதீங்க, உள்ள சொத்தை இருக்கிறது வெளிய தெரியாது.

மூணு கால் நல்ல சாமான். ஆனா பாரம் ஏறும்போது காலுங்க வெளிப்பக்கம் விரியப் பாக்கும், சிமெண்ட் தரைன்னா வழுக்கியே விரியும். அதனால மூணு காலையும் அடில சங்கிலியால முக்கோணமா கட்டிடணும். கயிறு வேண்டாம், இழுபடும். வயல் மண்ணுன்னா ஒவ்வொரு காலுக்கும் அடில ஒரு பலகை, இல்லைன்னா ஒரு கால் மட்டும் புதையும், அந்தப் பக்கமே மொத்தமும் சாயும். பாரம் நடு மையத்துக்கு நேர் கீழ இருக்கணும், ஒரு அடி தள்ளிக் கிடக்கிற கலப்பையை சாச்சு இழுத்துக்கலாம்னு ஆரம்பிச்சா மூணு காலும் சேந்து கவிழும். முதல்ல அரை அடி தூக்கி அப்படியே ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, எல்லாரும் தள்ளிப் போய் டீ குடிச்சிட்டு வாங்க. இறங்காம, வளையாம இருந்தா வேலையை ஆரம்பிக்கலாம். தொங்குற பாரத்துக்கு அடில தலையோ காலோ போகக் கூடாது, போகணும்னா மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதுதான், ஸ்டாண்ட்ல இறக்கி வெச்சிட்டு.

எல்லாத்துக்கும் மேல, அந்த ஜிஐ பைப்பை நிமித்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. நம்ம பக்கம் வயலுக்கு நடுவுல கரண்ட் கம்பி புயலுக்கு அப்புறம் தொங்குற லட்சணம் உங்களுக்கே தெரியும். பத்தடி பைப்பை நட்டுக்க நிறுத்தும்போது கை தூக்குற உயரமும் சேந்துக்கும், அந்த உயரம் நமக்கே தெரியாது. கம்பி ஓடுற பக்கமே இந்த வேலை வேண்டாம், வண்டியைத் தள்ளி நிறுத்திக்கலாம், கம்பியைத் தள்ள முடியாது.

கேஜ் வீல் மாட்டும்போது டிராக்டரோட பின் ஆக்சிலை ஜாக்கில தூக்குறீங்கன்னா எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைங்க. ஹேண்ட் பிரேக்கை நம்பாதீங்க, பின் சக்கரத்துல ஒண்ணு அந்தரத்துல இருக்கும்போது அந்தப் பிரேக் பாதி பிரேக்தான்.

கேள்வி: டாப் லிங்க் எப்படி அட்ஜஸ்ட் பண்றது? கலப்பை முன்னாடி மட்டும் ஆழமாப் போகுது. (வாசகர், மேலூர்)

டாப் லிங்க் நீளம் கம்மியா இருக்கு, கொஞ்சம் நீட்டுங்க, பின்பக்கம் இறங்கி மட்டமாகும். கலப்பையைத் தரைல இறக்கி, இன்ஜினை நிறுத்திட்டு சுத்துங்க. தொங்க விட்டுட்டு சுத்தினா முறுக்கமா இருக்கும், உடனே பைப்பைத் தேடுவீங்க. கடைசி மரை வரைக்கும் நீட்டாதீங்க, உள்ள போதுமான மரை நிக்கணும், இல்லைன்னா வயல்ல உருவிக்கிட்டு வந்துடும்.

கேள்வி: ஸ்டாண்ட் வை, கட்டை வைன்னு பக்கம் பக்கமா எழுதுறீங்க. பல வருஷத்துக்கு முன்னாடி உங்க பட்டறைக்கு வந்தப்ப நீங்களே கடப்பாரைல கலப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பையனை அடில கைய விடச் சொன்னதை நான் என் கண்ணால பாத்தேன். ஊருக்குத்தான் உபதேசமா? (வாசகர், ஊர் போட வேண்டாம்)

பாத்திருப்பீங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அது என்ன கணக்குல செஞ்சேன்னு சொல்றேன். 5 அடி கடப்பாரை, முனைல இருந்து 6 இஞ்ச்ல முட்டுக்கல். அந்தப் பக்கம் 6 இஞ்ச், என் பக்கம் 54 இஞ்ச், ஒண்ணுக்கு ஒம்பது. நான் 25 கிலோ அமுக்கினா அங்க 225 கிலோ தூக்கும். ஒரு ரோட்டவேட்டரோட ஒரு முனையைத் தூக்க அது தாராளம். அதுல ஒரு பெருமை, இவ்வளவு பெரிய சாமானை ஒத்தைக் கையால தூக்கி நிப்பாட்டுறேன்னு. ஆனா அதே கணக்கு திரும்பியும் வரும்கிறது எனக்கு அன்னைக்குத் தோணல. முட்டுக்கல் ஆடி கை நழுவினா அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் விழுறதுக்கு என் பக்கம் கடப்பாரை ஒம்பது இஞ்ச் மேல எகிறும்.

ஒரு மழை நாள், தரை ஈரம், முட்டுக்கு வெச்சது ஒரு செங்கல். பையன் ஸ்கிட்டோட போல்ட்டை எடுக்கக் கையை விட்டான், செங்கல் ரெண்டா பொளந்துச்சு, கடப்பாரை வந்து என் தாடைக்குக் கீழ அடிச்சுச்சு. நான் உக்காந்துட்டேன், வாயெல்லாம் ரத்தம், ஒரு பல்லு துப்பினேன். எனக்கு அது பெருசாத் தெரியல, பையன் சத்தமே போடாம இருந்தான், அதுதான் பயமா இருந்துச்சு. எட்டிப் பாத்தா அவன் கையை எடுத்துட்டான், ஆனா வலது கை கட்டைவிரல் நகம் ஸ்கிட்லயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அவன் கையை வெளிய இழுக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும், அரை செகண்ட் இருக்குமா. நகம் திரும்ப வளந்தது, கோணையா வளந்தது. இப்ப அவனே தனியா பட்டறை வெச்சிருக்கான், ஸ்பேனர் பிடிக்கும்போது அந்த நகம் தெரியும், என்கிட்ட அதைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

அந்த வாரமே பழைய இரும்புக் கடைக்குப் போய் சேனல் வாங்கி ரெண்டு ஸ்டாண்ட் அடிச்சேன், மன்னார்குடிக்காரருக்கு மேல எழுதின அளவெல்லாம் அதோடதுதான். இன்னும் பட்டறைல இருக்கு, பச்சை பெயிண்ட் அடிச்சது, கடப்பாரை மாட்டுற சுவத்துக்குக் கீழ. வந்தா டேப் எடுத்துட்டு வாங்க, அளவெடுத்துக்கலாம்.